அப்பாவின் தொடையில் வலிக்காத அந்த இடம்: தீக்காயத்தின் ஆழத்தை முதல் நாளே சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது தீக்காயத்தில் எத்தனை வகை, முதல் டிகிரி பெரியதா மூன்றாம் டிகிரி பெரியதா என்று. ஆனால் இரண்டாவது தடவை படித்தபோது அதற்குக் கீழே வேறொரு கேள்வி இருப்பது தெரிந்தது. தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் உங்கள் அப்பாமேல் விடியற்காலை நாலு மணிக்குக் கொப்பரை சரிந்து கொதிக்கிற தண்ணீர் கொட்டிவிட்டது. இடது கையும் வயிறும் தொடையும் வெந்துவிட்டன. சேர்த்த அன்று “12 சதவீதம், செகண்ட் டிகிரி, மேலோட்டம்தான், இரண்டு வாரத்தில் ஆறிவிடும்” என்றார்கள். ஆறாம் நாள் கட்டைப் பிரித்துவிட்டு, “தொடையில் ஒரு பகுதி ஆழமாகப் போயிருக்கிறது, தோல் ஒட்ட வேண்டும்” என்கிறார்கள். அப்பாவோ அந்த இடத்தில்தான் வலியே இல்லை என்கிறார். அப்படியானால் முதலில் சொன்னது பொய்யா, இல்லை நடுவில் கவனிக்காமல் விட்டுக் கெடுத்தார்களா? இதுதானே உங்கள் மனதில் ஓடுகிறது?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மும்பையில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் தீக்காய வார்டில் 27 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுவை செய்தவள் இல்லை, கட்டுப் பிரித்தவள். ஒரு புண்ணை நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் வேலை. நீங்கள் போட்டிருக்கும் படத்தை வைத்து ஆழம் சொல்ல மாட்டேன். மேலே வெள்ளைக் களிம்பு பூசியிருக்கிறது, அதை வழித்துக் கழுவாமல் யாராலும் சொல்ல முடியாது.

டிகிரி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க்தான் உயர்ந்தது என்பதால், ஃபர்ஸ்ட் டிகிரி என்றதும் உங்கள் தாத்தாவைப் போலப் பலர் பயந்துபோகிறார்கள். இங்கே கணக்கு நேர் எதிர். எண் ஏற ஏற ஆழம் கூடும். இப்படி மூன்றாகப் பிரித்து 1607-லேயே புத்தகம் போட்டவர் வில்ஹெல்ம் ஃபாப்ரி என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர். 200 வருடம் கழித்துப் பிரான்சின் டுப்யூட்ரென் அதை ஆறாக்கினார். இன்றைக்கு வார்டில் டிகிரியைவிட ‘மேலோட்டம், பாதி ஆழம், முழு ஆழம்’ என்று பேசுவதுதான் அதிகம்.

நம் தோலின் மேல் படலம் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது மட்டும் சிவந்து காந்தினால் முதல் டிகிரி. வெயிலில் அலைந்து தோள் சிவப்பது இந்த ரகம், கொப்புளம் வராது, நாலைந்து நாளில் தோல் உரிந்து போய்விடும். சதவீதக் கணக்கில் இதைச் சேர்க்கவே மாட்டார்கள். அதற்குக் கீழே இருக்கிற உள்தோல் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், முதுகில் இன்னும் தடிமன். வேர்வைச் சுரப்பி, மயிர்க்கால், நரம்பு முனை எல்லாம் அங்கேதான். காயம் இதன் மேல்பகுதியோடு நின்றுவிட்டால் கொப்புளம் எழும்பும். கொப்புளத்துக்கு அடியில் ஈரமாக, ரோஸ் நிறத்தில் இருக்கும், காற்றுப் பட்டாலே துடிப்பார்கள். ஆனால் மயிர்க்கால்கள் பிழைத்திருப்பதால் அவற்றின் சுவரிலிருந்து புதுத்தோல் முளைத்து இரண்டு வாரத்தில், கூடிப்போனால் மூன்று வாரத்தில் மூடிவிடும். அதே உள்தோலின் அடிப்பகுதிவரை வெந்துவிட்டால் பெயர் என்னவோ செகண்ட் டிகிரிதான், கதை வேறு. வெளுப்பும் சிவப்பும் திட்டுத்திட்டாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பி வர நேரமாகும், வலி குறைவு. மூன்று வாரம் தாண்டும், ஆறினாலும் தடித்த தழும்பாகும். ஆக ‘செகண்ட் டிகிரி’ என்ற ஒரே பெயருக்குள் தானாக ஆறுகிற புண்ணும் இருக்கிறது, ஆறாமல் மாதக்கணக்கில் இழுக்கிற புண்ணும் இருக்கிறது. உங்கள் சீட்டில் ‘மிக்ஸ்டு’ என்று எழுதியிருப்பது அதைத்தான். தோல் முழுக்கப் போய்விட்டால் மூன்றாம் டிகிரி. மெழுகு மாதிரி வெள்ளையாகவோ, செருப்புத் தோல் மாதிரி பழுப்பாகவோ, கருகியோ இருக்கும். சதை, எலும்பு வரை போனால் நாலாவது என்பார்கள்.

வலியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோலோடு சேர்ந்து நரம்பு முனைகளும் வெந்துபோனால் அந்த இடம் மரத்துவிடும். வலி இல்லாதது நல்ல அறிகுறி என்று வீட்டார் சந்தோஷப்படும்போது நாங்கள் கவலையை முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டோம். நம் ஆட்கள் வலியைச் சொல்லும் விதத்திலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். “எரியுது சிஸ்டர், ஃபேனைப் போடாதீங்க, காத்துப் பட்டா உசிரு போகுது” என்று கத்துகிறவரைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. “ஏதோ அட்டை ஒட்டின மாதிரி இருக்கு” என்று அமைதியாகச் சொல்கிறவர் பக்கத்தில்தான் டாக்டரைக் கூட்டிப்போய் நிறுத்துவேன். ஆழமான புண்ணின் ஓரத்தில் மட்டும் வலிக்கும், ஏனென்றால் ஓரம் ஆழம் குறைவு. உங்கள் அப்பா சொல்வது இதோடு பொருந்துகிறது. ஆனால் வலியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் காலில் உணர்ச்சி முன்பே குறைந்திருக்கலாம். அப்பாவுக்கு அது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை.

இனி முக்கியமான விஷயம். இதுவரை சொன்ன அடையாளங்கள் எல்லாம் உறுதியானவை. அவற்றை முதல் நாள் ஒரு புண்ணில் வைத்துப் பார்த்துச் சொல்வது உறுதியானது இல்லை. நல்ல அனுபவமுள்ள சர்ஜன்கூடக் கண்ணால் பார்த்து ஆழத்தைச் சரியாகச் சொல்வது ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவைதான் என்று இந்தத் துறைக்காரர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ரொம்ப மேலோட்டம், ரொம்ப ஆழம் இரண்டும் யார் பார்த்தாலும் தெரியும். நடுவில் இருப்பதுதான் ஏமாற்றும்.

அதற்குக் காரணம் புண்ணே இன்னும் முடிவு செய்யாததுதான். டக்ளஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1950 வாக்கில் இதை அழகாக விளக்கினார். நடுவில் செத்துப்போன பகுதி, வெளியே வெறுமனே சிவந்த பகுதி, இரண்டுக்கும் இடையில் ரத்த ஓட்டம் மந்தமாகி உயிருக்கு ஊசலாடும் பகுதி. இந்த நடுப்பகுதி இரண்டு மூன்று நாளில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். வீக்கம், உடம்பில் நீர் குறைவது, கிருமி, வயது, சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் அதைக் கெட்ட பக்கம் தள்ளும். எல்லாம் சரியாகச் செய்தும் தள்ளிவிடுவதுண்டு. அதனால் முதல் நாள் எழுதிய டிகிரியை ஒரு மதிப்பீடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் நாள் அதை மாற்றிச் சொன்ன டாக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறார். “மூன்று வாரம் பார்ப்போம்” என்று தள்ளிப்போட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஒரு குறை மட்டும் சொல்லலாம். “இப்போதைக்கு மேலோட்டம் மாதிரி தெரிகிறது, மாறலாம்” என்று அன்றைக்கே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. கூட்ட வார்டில் அந்த ஒரு வாக்கியம்தான் எப்போதும் விட்டுப்போகும். நானும் விட்டிருக்கிறேன்.

கை ஆறிக்கொண்டிருக்கும்போது தொடை மட்டும் ஏன் ஆழமாச்சு? இது என் ஊகம், ஆனால் நூறு தடவை பார்த்த ஊகம். அப்பா லுங்கி கட்டியிருந்திருப்பார். கையில் விழுந்த வெந்நீர் ஓடிவிடும், லுங்கியில் விழுந்தது ஓடாது, துணி அதைத் தோலோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெப்பம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்துதான் ஆழத்தை முடிவு செய்கிறது. 44 டிகிரி சூட்டில் தோல் வேக ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும், 60 டிகிரியில் ஐந்து நொடி போதும், 70 டிகிரியில் ஒரு நொடி. கொப்பரைத் தண்ணீர் அதற்கும் மேலே. இதனால்தான் முதலில் துணியை அவிழ் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். தோலில் ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்கக் கூடாது.

பக்கத்தில் இருந்த இட்லி மாவையே அள்ளிப் பூசினோம், அதனால்தான் இப்படி ஆச்சா என்று குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். அதற்காக ஆழமாகியிருக்காது, விடுங்கள். நம் வீடுகளில் மாவு, பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள் எல்லாமே நடக்கிறது. மாவு முதலில் குளுகுளு என்று இருக்கும், காய்ந்ததும் அதைச் சுரண்டி எடுப்பது தனி நரகம், ஆழமும் தெரியாது. இன்னொரு தடவை யாருக்காவது நடந்தால் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓடட்டும். காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், அது ரத்தக் குழாயைச் சுருக்கி, நான் சொன்ன அந்த ஊசலாடும் பகுதியைச் சாகடிக்கும். சின்னக் குழந்தையாக இருந்தால் உடம்பின் மற்ற பகுதியைப் போர்த்திக்கொண்டு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்துவிடும்.

அடுத்து 12 சதவீதம். இது பரப்பளவுக் கணக்கு, ஆழத்தோடு சம்பந்தமில்லை. பெரியவர்களுக்கு ஒன்பதின் விதி என்று ஒன்று உண்டு. தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, நெஞ்சும் வயிறும் சேர்ந்த முன்பக்கம் 18, முதுகுப் பக்கம் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. குழந்தைக்குத் தலை பெரிது, கால் சின்னது, அதனால் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அதற்கு லண்ட், ப்ரவுடர் என்ற இருவர் 1944-ல் வெளியிட்ட படம் இருக்கிறது. 1942-ல் பாஸ்டனில் ஒரு இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள், அங்கே அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தவர்கள் அவர்கள். வீட்டில் குத்துமதிப்பாகப் பார்க்க, அடிபட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஏறக்குறைய ஒரு சதவீதம். பெரியவர்களுக்கு 15, குழந்தைகளுக்கு 10 தாண்டினால் பொதுவாக ட்ரிப் ஏற்றுவார்கள், ஏனென்றால் வெந்த இடத்தின் வழியாக மட்டுமில்லாமல் உடம்பு முழுக்க நீர் கசியும். சதவீதம் சின்னதாக இருந்தாலும் முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு என்றால் தீக்காயச் சிகிச்சை உள்ள இடத்துக்குப் போயே ஆக வேண்டும்.

வகை என்று கேட்டீர்களே, எதனால் பட்டது என்பதும் ஒரு வகைப்பாடுதான். இதில் தமிழ் நமக்குக் கொடுத்திருப்பதை மும்பையில் வேலை பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். இந்தியில் எல்லாமே ‘ஜல் கயா’. மராத்தியில் ‘பாஜ்லம்’, வேர்க்கடலை வறுத்தாலும் அதே சொல்தான். நாமோ தோசைக்கல் பட்டால் சுட்டுவிட்டது என்போம், வெந்நீரோ ஆவியோ பட்டால் வெந்துவிட்டது, முடி தீயில் பட்டால் பொசுங்கியது, அதற்கும் மேலே போனால் கருகியது. ஒரு தடவை தாராவியிலிருந்து ஒரு அம்மா இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ரசம் கொட்டிவிட்டது. “புள்ள வெந்துபோச்சு” என்று அழுதார். கூட வந்தவர் அதை ‘ஜல் கயா’ என்று சொல்ல, கேஷுவாலிட்டியில் நெருப்புக் காயம் என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் ஸ்டவ் வெடித்ததா, வீட்டில் சண்டையா, மண்ணெண்ணெய் யார் வைத்திருந்தார்கள் என்று போலீஸ் கேள்வி ஆரம்பமாகிவிட்டது. தீக்காயம் என்றால் சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிக்கும் கேஸ் என்பதால் யாரையும் குறை சொல்ல முடியாது. நான் போய் ‘வெந்துபோச்சு’ என்றால் என்ன என்று விளக்கிய பிறகுதான் சீட்டைத் திருத்தினார்கள்.

வெந்தது என்ற சொல்லுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போனால் பாட்டிகள் “வாய் வெந்துடுச்சு” என்பார்கள். சூடே இல்லாமல் வேகிறது, ரசாயனக் காயம் என்றால் அதுதான். அமிலம் தோலைப் பால் திரிவதுபோலத் திரியவைத்துத் தனக்குத்தானே ஒரு தடுப்பு போட்டுக்கொள்ளும். சுண்ணாம்பு, சிமெண்ட் மாதிரியான காரம் தோலைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும், அதனால் பெரும்பாலும் அதுதான் ஆபத்து. கட்டட வேலைக்காரர்கள் ஈர சிமெண்டில் மண்டி போட்டு வேலை செய்துவிட்டு, வலிக்காததால் கவனிக்காமல் ராத்திரி பேன்ட்டைக் கழற்றும்போது முட்டியில் கறுப்புப் பள்ளத்தைப் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் தண்ணீர், இன்னும் தண்ணீர். உலர்ந்த சுண்ணாம்புத் தூளாக இருந்தால் மட்டும் முதலில் தட்டி உதறிவிட வேண்டும்.

ஆவியைச் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 100 டிகிரி தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது தருகிற வெப்பத்தைப்போல, அதே எடை ஆவி வெறும் தண்ணீராக மாறும்போதே எட்டு மடங்குக்கு மேல் கொடுத்துவிடும். கொப்பரை மூடியைத் தன் பக்கமாகத் திறக்காதே என்று அம்மாக்கள் சொல்வதில் முழு இயற்பியல் இருக்கிறது. எண்ணெய் தண்ணீரைவிடச் சூடாகும், கஞ்சியும் பாகும் ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரம் முழுக்க வேறு. வெளியே பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவு புள்ளி, உள்ளே தசை வெந்திருக்கும். லோக்கல் ரயில் கூரையில் ஏறுகிற பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன், மேலே ஓடுவது 25,000 வோல்ட், தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை கரைகிறது, சிறுநீரகம் அடுத்தது என்று அர்த்தம். இங்கே சதவீதத்துக்கும் டிகிரிக்கும் மதிப்பே இல்லை. புகையும் அப்படித்தான். மூடிய அறையில் தீயில் மாட்டியவருக்கு மூக்கு முடி பொசுங்கி, சளியில் கரி வந்து, குரல் கம்மினால், தோலில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் உடனே ஓட வேண்டும்.

சரி, அப்பாவுக்கு வருவோம். தோல் ஒட்டுவதைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் டாக்டர் கழுவிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்று வாரத்துக்குள் மூடாது என்று தெரிந்த புண்ணை வைத்துக்கொண்டிருந்தால் கிருமியும் தடித்த தழும்பும்தான் மிச்சம். அது இடுப்பு மடிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் தோல் இழுத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்க முடியாமல் போகும், சைக்கிள் மிதிக்கிற மனிதருக்கு அது பெரிய விஷயம். அவர் தோலையே மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். 12 சதவீதத்தில் ஒரு பகுதிக்குத்தான் என்பதால் தோல் வங்கி தேவைப்படாது. உடம்பில் பாதி வெந்தவர்களுக்குத்தான் இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெற்ற தோல் தற்காலிகமாக உயிர் காக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சயான் மருத்துவமனையில் 2000-லேயே அப்படி ஒரு வங்கி ஆரம்பித்தார்கள். அதே மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலையை நீராவியில் சுத்திகரித்துக் கட்டுப் போடும் முறையை ஆராய்ந்து எழுதினார். புண்ணில் ஒட்டாது, பிரிக்கும்போது வலிக்காது. சாப்பிடுகிற இலையை எடுத்து வீட்டில் நீங்களே சுற்றிவிடாதீர்கள், அது சுத்திகரித்த இலை என்பதுதான் விஷயம்.

முட்டை, மீன் கொடுத்தால் சீழ் வைக்கும் என்று அத்தை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அத்தையோடு சண்டை போட வேண்டாம், ஆனால் கொடுங்கள். புதுத்தோல் புரதத்தில்தான் முளைக்கும். பத்தியம் இருந்து மெலிந்தவர்களுக்கு ஒட்டிய தோல் பிடிக்காமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகக் கோளாறு ஏதும் இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் உண்டென்றால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டுப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயம் கேளுங்கள். ஆழமான பகுதி எத்தனை சதவீதம், தோலை எங்கிருந்து எடுப்பார்கள், எத்தனை நாள் காலை மடக்கக் கூடாது. அப்புறம் ஒன்றை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த இடம்தான் முதல் நாலைந்து நாள் அதிகமாக எரியும், ஏனென்றால் அங்கே நரம்பெல்லாம் உயிரோடு இருக்கும். சொல்லாமல் விட்டால் “நல்லா இருந்த காலையும் கெடுத்துட்டானுங்க” என்று அதற்கும் டாக்டரைத் திட்டுவார்.